மார்வே ரோட்டில் புகைந்த சக்கரம்

விடியற்காலை ஐந்தே கால் இருக்கும். மும்பை மலாட் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மார்வே ரோட்டில் ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லரில் படகை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தபடி பக்கத்தில் வந்து, கையை நீட்டி எதையோ காட்டினார். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், ட்ரெய்லரின் இடது சக்கரத்தில் புகை. சக்கரத்தின் நடுக்குடத்தை, அதாவது ஹப்பை, மூடும் மூடியைக் காணோம். அது இருந்த இடத்திலிருந்து கிரீஸ் தார் மாதிரி உருகி ரிம்மெல்லாம் வழிந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாதீங்க மாப்பிள்ளை. சுட்ட இரும்புல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்."

மூன்று மணி நேரம் அந்த ரோட்டோரத்தில் நின்றோம். படகு வாங்கி அப்போது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் எஞ்ஜினைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். பிளக் மாற்றினேன், கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தேன், மூடிக்குப் பெயின்ட் அடித்தேன். ட்ரெய்லரை ஒரு நாள்கூட ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்ததில்லை. பழைய படகு வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது அதனால் இதுதான்: முதல் நாள் எஞ்ஜினைத் திறக்காதீர்கள், ட்ரெய்லரைத் தூக்குங்கள். எஞ்ஜின் நின்றால் துடுப்பு போடலாம், யாராவது கயிறு கட்டி இழுத்து வருவார்கள். ரோட்டில் சக்கரம் கழன்றால் பின்னால் பைக்கில் வருகிறவர் கதி என்ன?

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. ஊர் தூத்துக்குடி. சின்ன வயதிலேயே பம்பாய்க்கு வந்து துறைமுகப் பட்டறைகளில் எஞ்ஜின் வேலை பார்த்தவர். இன்றைக்கும் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும்தான் சொல்வார். அவர் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்காகத்தான் இந்தப் படகையே வாங்கினேன் என்றால் அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என் ஆசை. 17 அடி ஃபைபர் படகு, இரண்டு சிலிண்டர், 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் யமஹா, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்த ட்ரெய்லர். மூன்றுக்கும் இருபது வயதுக்கு மேல்.

அந்தச் சக்கரம் ஏன் புகைந்தது என்பதை மாமா ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து விளக்கினார். கொஞ்ச தூரம் ஓடினாலே ஹப் சூடாகிவிடும். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். அந்தச் சூட்டோடு நேராகக் கடலில் இறக்கினால் ஹப் ஒரே நொடியில் குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுப்பில், கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் வளையமான சீலின் ஓரம் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் நாம் எஞ்ஜினைக் கழுவி, படகைக் கழுவி, தூங்கப் போய்விடுவோம். பேரிங் இரண்டு வாரம் உப்புத்தண்ணீரில் ஊறி, துருப் பிடித்து உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை ஓடும்போது அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஆறு கிலோமீட்டர் போதும்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. தண்ணீர் ஓரத்துக்குப் போனதும் உடனே இறக்குவதில்லை. இருபது நிமிடமாவது நிறுத்தி, ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். கை தாங்கும் சூடு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்குக் கடல் கிடையாது, திரும்பிப் போகும்போதும் மெதுவாகத்தான்.

பேரிங்கை நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை இல்லை. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தால் கரகரவென்று மணல் அரைபடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கழற்ற வேண்டியதுதான். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உருளைகளில் புள்ளிக் குழியோ நீல நிறமோ இருந்தால் அது சூடேறி முடிந்துபோன பேரிங். புதியது போடும்போது வெளி வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது உருளையைப் போட்டால் மூன்று மாதம்கூட வராது. சீல் ஒவ்வொரு முறையும் புதிது. நாக்தேவி தெருவில் பழைய பேரிங்கைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கிரீஸ் வைப்பதைத்தான் மாமா எனக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழ அளவு கிரீஸ். பேரிங்கின் அகலமான வாயை அதில் வைத்து அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும், பரோட்டா மாவைக் கையால் அழுத்துகிற மாதிரி. மறுபக்கத்தில் உருளைகளின் இடுக்கு வழியாகப் புழு புழுவாகக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது. அப்படி ஒரு சுற்று முழுக்க. மேலே பூசிவிட்டு மூடினால் உள்ளே காய்ந்துதான் கிடக்கும். கிரீஸும் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் கடல் ரகமாக இருக்க வேண்டும். பிறகு நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி பேரிங்கை உட்கார வைத்து, அதைத் தளர்த்தி, வெறும் விரலால் இறுக்கி, நட் கழலாமல் பூட்டும் ஊசியைக் குத்த வேண்டும். பலசாலிகள் இங்கேதான் கெடுப்பார்கள். ஸ்பானரின் முழுப் பலத்தோடு இறுக்கிய பேரிங், காய்ந்த பேரிங் மாதிரியே எரியும். இப்போது கிரீஸ் அடைத்து, பேரிங் மாட்டிய முழு ஹப் ஒன்று எப்போதும் ஜீப்பில் இருக்கிறது.

ட்ரெய்லரின் சட்டமும் அப்படித்தான். சதுரக் குழாயில் அடித்த சட்டம் வெளியே பெயின்டோடு அழகாக இருக்கும், துரு உள்ளேயிருந்து தின்னும். எங்களுடையதைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனபோது எல்லா இடத்திலும் டிங் டிங் என்றது, வலது லீஃப் ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் டப் என்றது. அங்கே விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தோம். குழாய் தாழ்ந்து முடிகிற இடங்களில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, ஒவ்வொரு முறையும் குழாய்க்குள்ளும் நல்ல தண்ணீர் பாய்ச்சுகிறோம்.

சுத்தியலின் அதே பாடம் படகின் அமரத்திலும் உதவியது. எஞ்ஜின் தொங்கும் பின்பலகை, டிரான்ஸம், வெளியே ஃபைபராகத் தெரிந்தாலும் நடுவில் இருப்பது பிளைவுட். சுமார் எழுபது கிலோ எஞ்ஜின் அதில்தான் தொங்குகிறது, தள்ளுகிற விசை முழுவதும் அதன் மேல்தான். போல்ட் ஓட்டை வழியாக ஒரு சொட்டு ஒரு சொட்டாக இறங்கும் தண்ணீர் உள்ளே மரத்தை மட்க வைத்துவிடும். வாங்கும் முன் பார்க்க எளிய வழி இருக்கிறது. எஞ்ஜினைப் பாதி தூக்கிய நிலையில் அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அமுக்க வேண்டும். எஞ்ஜின் மட்டும் அசைந்தால் நல்லது. பின்பலகையும் சேர்ந்து மூச்சு விட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது மூச்சு விட்டது. உள்பக்கம் மெல்லிய டிரில்லால் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தோம். உலர்ந்த மரத்தூள் வர வேண்டிய இடத்தில் ஊறிய காப்பித்தூள் மாதிரி ஒன்று, நாற்றத்தோடு சுருண்டு வந்தது.

விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வருத்தம்தான். ஆனால் நானும் தட்டிப் பார்க்காமல்தான் பணம் கொடுத்தேன்.

ஜனவரியில் அந்த வேலையை ஆரம்பித்தோம். மும்பையில் ஃபைபர் வேலைக்குக் குளிர்காலம்தான் சரி. மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, ஃபைபர் இழைகளை ஒட்டும் பிசினான ரெசின் ஒழுங்காக இறுகாது, மேலே பிசுபிசுவென்று நிற்கும். எஞ்ஜினை இறக்கி, உள்பக்கத் தோலை மட்டும் வெட்டி எடுத்து, மட்கிய மரத்தைக் கரண்டியால் சுரண்டினோம். இரண்டு வாளி வந்தது. ஒரு வாரம் ஃபேன் போட்டு உலர்த்தினோம். உள்ளே வைத்தது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளை, 19 மி.மீ. பலகை இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி. வீட்டு அலமாரிக்கு வாங்கும் பிளை இதற்கு ஆகாது.

அங்கே நான் செய்த தவறு ஒன்று. மரத்தோடு பாலியஸ்டர் ரெசினைவிட எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும் என்று தெரிந்து எப்பாக்ஸி வாங்கினேன். ஆனால் கையில் இருந்த சாதாரண ஃபைபர் மேட்டையே அதோடு போட்டேன். மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. மூலைகளில் மடங்காமல் வைக்கோல் மாதிரி விறைத்து நின்றது, அடியில் காற்றுக்குமிழ். முழுவதையும் பிய்த்தெடுத்து, நெய்த ஃபைபர் துணி வாங்கி மறுபடி போட்டோம். இரண்டு நாள் போயிற்று.

படகின் வயிற்றில் இருந்த கீறல்களுக்குப் பாலியஸ்டர் போதும். அது கடைகளில் மூன்று பாட்டிலாகக் கிடைக்கும்: ரெசின், ஊதா நிறக் கோபால்ட், தண்ணீர் மாதிரி இருக்கும் ஹார்டனர். கோபால்ட்டும் ஹார்டனரும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது, வெடித்துவிடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டுக்கும் ஒரே அளவுக் கோப்பை, ஒரே குச்சி கூடாது. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, அதனால் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். கடைக்காரர் இதைச் சொல்லித்தான் கொடுப்பார் என்று நம்ப வேண்டாம்.

புதுப் பலகையில் போல்ட் ஓட்டைகளை நேராகப் போடவில்லை. தேவையைவிடப் பெரிதாக ஓட்டை போட்டு, அதை எப்பாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி ஓட்டை போட்டோம். இனி போல்ட் ஓரமாகத் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. அதன்மேல் பாலியூரித்தேன் சீலன்ட். பாத்ரூம் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். உரிந்து வந்துவிடும், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது.

எஞ்ஜினுக்கு வருகிறேன். ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எஞ்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு நாள் மட் தீவுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அந்தத் தாரை நூலாக மெலிந்து, நின்றே போயிற்று. எஞ்ஜினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றப் பாய்ந்தேன். கூட வந்திருந்த, கோலி மீனவச் சமூகத்து நண்பர் (அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் மராத்தியில் தாதா என்றுதான் கூப்பிடுவோம்) அதற்குள் அணியத்துக்குப் போய் நங்கூரத்தைப் போட்டிருந்தார். தண்ணீர் வற்றுகிற நேரம். மராத்தியில் ஓஹோட்டி என்பார்கள். நான் ஸ்பானரைத் தேடிய அந்த ஐந்து நிமிடத்தில் நீரோட்டம் எங்களைப் பாறைப் பக்கமோ நடுக்கடலுக்கோ கொண்டுபோயிருக்கும். எஞ்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரம், இரண்டாவது வேலைதான் எஞ்ஜின். அதனால் நங்கூரக் கயிறு எப்போதும் சிக்கில்லாமல், படகோடு கட்டப்பட்டு, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. மும்பைக் கடலில் இது தினப்படி விஷயம். பையை எடுத்ததும் தாரை வந்தது, ஆனால் பழைய வேகம் இல்லை. வீட்டில் கீழ்க்காலைக் கழற்றினால், தண்ணீரை இறைக்கும் பம்பின் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இறக்கையில் ஒன்று உடைந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் சில நொடி சுற்றினாலே அந்த ரப்பர் போய்விடும். புதிதை மாட்டி மூடப் போனபோது மாமா கேட்டார், "ஒடஞ்ச துண்டு எங்க?" ஒரு மணி நேரம் தேடினோம். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே சிக்கியிருந்தது. அதை விட்டிருந்தால் புது இம்பெல்லரோடும் எஞ்ஜின் சூடேறியிருக்கும். இப்போது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு இம்பெல்லர்.

கியர் ஆயிலையும் அதே நாளில்தான் பார்த்தோம். அடி ஸ்குரூவைக் கழற்றினால் கருந்தேன் மாதிரி வர வேண்டியது, பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம். காரணம் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருந்தது. நைலான் தூண்டில் நரம்பு தண்டில் இறுகச் சுற்றி, சூட்டில் உருகி, சீலை அறுத்திருந்தது. மீனவர் வலையும் நரம்பும் மிதக்கிற தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலை. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் குமிழ் நின்று ஆயில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். ஸ்குரூ வாஷர் இரண்டும் புதிது.

பெட்ரோல் விஷயம் இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்ஜின் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கீழே இருந்து போகும் கலவையில் வழுவழுப்பே இல்லாமல் பிஸ்டன் தேயும். நான் 20 லிட்டருக்கு 400 மி.லி. கணக்கில், அவுட்போர்டுக்கான, அதாவது இப்படி வெளியே தொங்கும் எஞ்ஜினுக்கான, டிசி-டபிள்யூ3 ரக ஆயிலைத்தான் கலக்கிறேன், அதுவும் அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும். மிச்சமானால் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டினேன். பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் உள்ளே ஊதி மாவாகிக்கொண்டிருந்தது, மொத்தமாக மாற்றினேன்.

வயரிங்குக்கு ஒரே வரி: சாதாரணச் செம்பு வயர் ஒரு மழைக்காலத்திலேயே உறைக்குள் கருத்துப்போகும், வெள்ளீயம் பூசிய வயர் போடுங்கள். ட்ரெய்லர் விளக்கின் பிளக்கைத் தண்ணீரில் இறக்கும் முன் பிடுங்கிவிடுங்கள்.

இப்போது படகு மார்வேக்கு எதிர்க்கரையில் இருக்கும் மனோரியில் தாதாவின் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. கடலிலிருந்து வந்ததும் முதல் வேலை, பாதியாக வெட்டிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்ஜின் காலை அதில் விட்டு நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டுவது. தண்ணீர் மட்டம் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டுக்கும் மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கும். அங்கே குடிநீருக்கே சிரமம் இருந்த மாதங்களில் இதற்கு நல்ல தண்ணீர் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது ஜீப்பில் கேன்களில் நாங்களே கொண்டுபோகிறோம்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. நாங்களும் மே கடைசியில் கரையேற்றிவிடுகிறோம். டிரம் ஓட்டத்தின் முடிவில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் காய்ந்து எஞ்ஜின் தானே நிற்கும்வரை விடுவோம். பிறகு பிளக் துவாரத்தில் ஆயில் தெளித்துக் கையால் இரண்டு சுற்று. தேய்ந்து பாதியான துத்தநாகக் கட்டியை மாற்றுவோம். அது துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு எஞ்ஜினைக் காப்பாற்றுவது. அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது. ட்ரெய்லரின் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து டயரிலிருந்து பாரத்தை எடுத்துவிட்டு, அணியத்தை உயர்த்தி, அமரத்தில் இருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றி ஸ்டியரிங்கில் கட்டிவிடுவோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டிய ஊர் இது. தார்ப்பாயில் ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே நூறு கிலோ. அதனால் நடுவில் மூங்கில் கொடுத்துக் கூரை மாதிரி சரிவாகக் கட்டுகிறோம், இரண்டு முனையிலும் காற்றுப் போக இடம் விட்டு.

நார்லி பௌர்ணமிக்குத் தாதா வீட்டில் கடலுக்குத் தேங்காய் போட்ட மறுவாரம், இந்த வருடம் முதல்முறையாக இறக்கினோம். தண்ணீர் ஏறுகிற நேரமாகப் பார்த்துத்தான் போனோம். ட்ரெய்லர் சேற்றில் சிக்கினாலும் ஏறுகிற தண்ணீர் படகைத் தூக்கிக் கொடுக்கும், வற்றுகிற தண்ணீர் படகையும் வண்டியையும் சேற்றில் உட்கார வைத்துவிடும். மாமாவுக்கு இப்போது முழங்கால் மடக்க முடியவில்லை. கைத்தடியை ஜீப்பில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக் குனிந்து, இடது ஹப்பில் கை வைத்தார். பிறகு வலது. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"ஆறிருக்கு," என்றார். "இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நிக்கட்டும். தண்ணி இன்னும் ஏறணும்."